மாகாளிக்கிழங்கை ராபர்ட் வைட் கண்டுபிடித்தாரா?

தேன்கனி:
மகனுடைய பள்ளியில் மலைத் தாவரங்கள் பற்றி ஒரு கண்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு செடியை எடுத்து அட்டை எழுத வேண்டும். வீட்டில் ஊறுகாய் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் மாகாளிக்கிழங்கை எடுத்துக்கொண்டான். எங்கேயோ படித்துவிட்டு முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறான்: "மாகாளிக்கிழங்கை 1834ல் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் கண்டுபிடித்தார்."

எனக்கு அந்த வரி உறுத்துகிறது. எங்கள் அம்மாச்சிக்கு அவருடைய மாமியார் சொல்லிக்கொடுத்த ஊறுகாய் இது. மண் போகக் கழுவி, தோல் சீவி, நடுவில் இருக்கும் நாரை எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கி மோரில் போட வேண்டும். இந்தக் கிழங்கை மலையில் தோண்டி, சுமந்து, அடிவாரத்துக்குக் கொண்டுவந்து விற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அப்படியிருக்க 1834ல் ஒருவர் என்னத்தைக் கண்டுபிடித்தார்?

அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். அவனோ, "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்கிறான். வைட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் பெயரை அட்டையில் வைக்கலாமா, எடுத்துவிடலாமா?

உலர்தாள்:
எடுக்க வேண்டாம் அம்மா. "கண்டுபிடித்தார்" என்ற சொல் தவறு, அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஹெர்பேரியத்தில் செடிகளை அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வைட்டின் பெயரைப் பார்க்காமல் ஒரு வாரம் கூடப் போனதில்லை.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1796ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். 1819ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கு உதவி அறுவை மருத்துவராக வந்தார். 1826ல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது, இரண்டே வருடத்தில் கவர்னர் லஷிங்டன் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். வைட்டை நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக அனுப்பினார்கள். அங்கேயும் செடி சேர்ப்பதை அவர் விடவில்லை. 1831ல் விடுப்பில் தாய்நாடு போனபோது கூடவே போனவை சுமார் 1 லட்சம் உலர் மாதிரிகள். மூன்று வருட விடுப்பையும் அவற்றைப் பிரித்து அடுக்கி எழுதுவதிலேயே கழித்தார். ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட் என்ற நண்பருடன் சேர்ந்து 1834ல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய புரோட்ரோமஸ் என்ற நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். அடுத்த தொகுதி வரவே இல்லை.

மாகாளிக்கிழங்குக்கு டெகாலெபிஸ் ஹாமில்டோனியை என்ற அறிவியல் பெயரும் அதே 1834ல் வந்ததுதான். இருவரும் சேர்ந்து வைத்த பெயர், அட்டையில் ஆர்னாட்டையும் சேர்க்க வேண்டும். அவர்கள் செய்தது இதுதான்: இந்தச் செடி இதற்கு முன் விவரிக்கப்பட்ட எதனோடும் ஒத்துப்போகவில்லை என்று பூவைப் பிரித்துப் பார்த்து உறுதிசெய்தார்கள். எந்த வகையில் மாறுபடுகிறது என்று லத்தீனில் எழுதினார்கள். எழுத்துக்கு ஆதாரமாக உலர் மாதிரியை வைத்தார்கள். "விவரித்தார்கள்" என்று போட்டால் சரியாக இருக்கும்.

கரிசல்மண்:
விவரித்தார் என்று மென்மையாக்கினால் மட்டும் சரியாகிவிடுமா? வைட்டுக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்பதையும் அந்தப் பையன் தெரிந்துகொள்ளட்டும்.

நான் கோவைப் பக்கத்துப் பருத்தி விவசாயக் குடும்பம். 1842 முதல் 1853 வரை வைட் எங்கள் ஊரில்தான் இருந்தார், அமெரிக்கப் பருத்தி சோதனைப் பண்ணைகளின் மேற்பார்வையாளராக. லங்காஷயர் ஆலைகளுக்கு நீள இழைப் பருத்தி வேண்டும். அது அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது, அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அதற்கு மாற்றாக இந்தியாவில் விளைவிக்க முடியுமா என்று பார்க்க 1840ல் மிசிசிப்பி பக்கத்துத் தோட்டக்காரர்களையே கம்பெனி இங்கே அழைத்துவந்தது. எங்களிடம் உப்பம், நாடம் என்று இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் பழகிய பருத்திகள் இருந்தன. குட்டை இழை என்று அவற்றுக்கு மதிப்பில்லை. 11 வருடம் போனது. கோவைக் குடியானவர்கள் அந்த நியூ ஆர்லியன்ஸ் பருத்தியைப் பெரிய அளவில் ஏற்கவில்லை, திட்டம் மூடப்பட்டது, வைட் ஓய்வுபெற்றுக் கப்பல் ஏறினார்.

பூவைப் பிரித்துப் பார்த்ததும் அதே மனிதர், அதே கம்பெனி. இது ஒரு கை, அது ஒரு கை என்று பிரித்துக் காட்டாதீர்கள். செடிகளின் பட்டியல் எதற்கு? எது விற்கும், எது விளையும், எதிலிருந்து மருந்து எடுக்கலாம் என்று தெரிவதற்கு. 1836ல் அவரை வருவாய்த் துறைக்கு மாற்றியதே பருத்தி, புகையிலை, நிலாவரை இவற்றைப் பற்றி விசாரித்து எழுதத்தான்.

உலர்தாள்:
நீங்கள் சொன்ன விவரங்களில் தவறில்லை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவில்தான் மாறுபடுகிறேன்.

கம்பெனிக்கு விற்கும் செடி மட்டும்தான் வேண்டியிருந்தது என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். வைட் அதோடு நிற்கவில்லையே? அவர் விவரித்தவை 110 புதிய பேரினங்கள், 1267 புதிய இனங்கள். எருக்கு, நன்னாரி இவற்றின் சொந்தக்காரச் செடிகள் குறித்து அவர் எழுதியதில் ஒரு காசு லாபம் கம்பெனிக்கு வந்திருக்காது. குற்றாலத்தில், பழனி மலையில், நீலகிரியில் அவர் சேர்த்த காசித்தும்பைகள் விரலளவு பூ, அதுவும் மழைக்காலத்தில் மட்டும். 1836ல் பழனி மலைக்குப் போய்வந்து எழுதிய குறிப்பை மறுவருடம் சென்னையில் வந்த ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். கம்பெனிக்கு இதெல்லாம் தேவைப்பட்டிருந்தால் 1828ல் பதவியை ஏன் ஒழிக்கிறார்கள்?

தூரிகை:
படங்களைப் பற்றி ஒரு வார்த்தை கூட யாரும் சொல்லவில்லையே. ஓவியம் படிப்பவள் நான். வைட் எனக்கு அறிமுகமானதே ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு பெயர்கள் வழியாகத்தான்.

வைட்டின் பெரிய வேலை ஐகோனெஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ். 1838 முதல் 1853 வரை, 6 தொகுதிகள், 2101 படத்தாள்கள். கூடவே வண்ணப்படங்கள் 182 கொண்ட இலஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இந்தியன் பாட்டனி, நீலகிரிச் செடிகளுக்கென்று ஸ்பிசிலேகியம் நீல்கெரென்ஸ். எல்லாம் சென்னையில் கல்லச்சில் அச்சானவை. முதலில் ரங்கையா வரைந்தார், 1845 வாக்கிலிருந்து கோவிந்து. பல தாள்களின் அடிமூலையில் பொடி எழுத்தில் 'ரங்கையா டெல்.' என்று இருக்கும். டெலினியாவிட் என்ற லத்தீனின் சுருக்கம், வரைந்தவர் என்று பொருள். அவ்வளவு இடம்தான் அவருக்கு.

ஒரு படத்தைப் பொறுமையாகப் பாருங்கள். நடுவில் கிளை, இலையின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கீழே வரிசையாக, பூவை நெடுக்காகப் பிளந்த தோற்றம், மகரந்தப்பை தனியாக, சூலகத்தின் குறுக்குவெட்டு, விதை. இந்தத் துண்டுகளை உருப்பெருக்கியில் பார்த்து, அளவு மாறாமல் வரைய வேண்டும். புதிய இனமா இல்லையா என்று முடிவாவதே அந்தச் சின்ன உருவங்களில்தான். அப்படியானால் 1267 இனங்களில் ரங்கையாவின் கண்ணுக்கு எத்தனை பங்கு? வைட் எங்கே பிறந்தார், எந்தப் பள்ளியில் படித்தார், எந்த நாளில் இறந்தார் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ரங்கையா பிறந்த வருடத்தை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

உலர்தாள்:
தூரிகை சொன்னது முழுக்க நியாயம். ஆனால் வைட் அவர்களை மறைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயரைத் தாளிலேயே அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயியா என்று ஓவியரின் பெயரையே வைத்தார். அக்காலத்தில் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்த எத்தனையோ நம்மூர் ஓவியர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அவர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம்.

தூரிகை:
கோவிந்தூயியா இன்று புழக்கத்தில் இல்லையே ஐயா? டிரோபிடியா என்ற பழைய பேரினத்துக்குள் சேர்ந்துவிட்டது என்று படித்தேன்.

உலர்தாள்:
ஆமாம், சேர்ந்துவிட்டது. முந்தி வைத்த பெயருக்கே முதலிடம் என்பது விதி. அதில் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை, வைட் வைத்த மற்றப் பெயர்களும் ஏராளமாக அப்படிப் போயிருக்கின்றன.

கரிசல்மண்:
"அக்காலத்தில் அதுதான் பெரிய காரியம்" என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. வைட்டுக்கு 150 வருடம் முன்பே, பக்கத்துக் கேரளத்தில், ஹோர்த்தூஸ் மலபாரிகஸ் வந்துவிட்டது. டச்சு அதிகாரி வான் ரீட் வெளியிட்ட 12 தொகுதிகள், 1678 முதல் 1693 வரை. அவரும் காலனி ஆள்தான், மிளகு வியாபாரக் கம்பெனிதான். அந்த நூலில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் 1675ல் எழுதிக்கொடுத்த சான்றிதழ், கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. இந்தச் செடிகளைப் பற்றிச் சொன்னவன் நான் என்று அவர் பெயரோடு. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூவரின் சான்றும் இருக்கிறது. படத்தாள்களில் செடியின் பெயர் மலையாள எழுத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் வழி இல்லாமல் போகவில்லை, 1675லேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். வைட்டின் ஆட்கள் மலையேறி மலையேறிச் சேர்த்தார்களே, அவர் பணியில் மாட்டிக்கொண்ட நாளெல்லாம் உள்ளூர்ச் சேகரிப்பாளர்களைத்தானே அனுப்பினார். அவர்களில் ஒரு பெயர் சொல்லுங்கள். எந்த மலை, எந்தப் பாதை, எந்தக் கிழங்கு எங்கே இருக்கும் என்று சொன்ன மலைவாசிகளில் ஒருவர் பெயர் சொல்லுங்கள்.

உலர்தாள்:
சொல்ல முடியாது. இதில் உங்களுக்கு மறுப்பு இல்லை.

இன்னும் ஒன்று, உங்களுக்கு உதவும் செய்தியாகவே இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாக இருப்பது. வைட்டின் மாதிரிகள் பலவற்றில் ஊர்ப் பெயரே கிடையாது. 1860களில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து பிரித்து அனுப்பப்பட்ட தாள்களில் 'இந்தியத் தீபகற்பம்' என்று அச்சடித்த சீட்டுத்தான் இருக்கும். ஒரு செடியை மறுபடியும் தேடிப் போக வேண்டுமென்றால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எங்கே போவது? குற்றாலமா, குன்னூரா? யார் பறித்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவருடைய ஊரிலிருந்தாவது தொடங்கியிருக்கலாம். பறித்தவர் பெயரை விட்டதில் அறிவியலுக்கும் நட்டம். இதை வைட் மேல் குறையாகச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

தரங்கைக்காற்று:
நான் கொஞ்சம் முன்னால் போகிறேன். கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் பெர்கெரா கோனிகியை, முன்பு முர்ரயா கோனிகியை. அந்தக் கோனிகியை யார் தெரியுமா? யோகான் கெர்கார்ட் கோனிக், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர், 1768ல் எங்கள் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் மருத்துவராக வந்தவர். கறிவேப்பிலை தாளிக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அவர் பெயர் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது.

அதே தரங்கம்பாடிக்கு 1776ல் வந்த ரோட்லரைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை. பாதிரியார், செடி சேர்ப்பவர், அத்தோடு தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தவர். 60 வருடம் இந்த நாட்டிலேயே இருந்து 1836ல் சென்னையில் இறந்தார். அகராதி 1834ல் அச்சேறத் தொடங்கி 1841ல் முடிந்தது. செடியையும் அதன் தமிழ்ச் சொல்லையும் ஒருசேர மதித்த மனிதர். காலனிக் காலத் தாவரவியலாளர் எல்லோரையும் ஒரே கூடையில் போட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். ரோட்லரின் மாதிரிகளுக்கு பெர்லினில் வில்டெனோவ் என்ற தாவரவியலாளர் பெயர் வைத்தார், அது வேறு கதை.

தேன்கனி:
கறிவேப்பிலைக்கே இப்படி ஒரு பெயரா! எனக்கு இதுவரை தெரியாது.

ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. கிழங்குக்கு மாகாளி என்ற பெயர் இருந்ததா இல்லையா? இருந்தது. அப்புறம் எதற்கு டெகாலெபிஸ், எதற்கு ஹாமில்டன்? வைத்த பெயரை மதித்து மாகாளி என்றே லத்தீனில் எழுதியிருக்கலாமே. முடியாதா?

பச்சைநாடா:
முடியும். வைத்திருக்கிறார்கள். முருங்கையின் பேரினப் பெயர் மொரிங்கா, முருங்கையிலிருந்தே வந்தது. வெட்டிவேர் நெடுநாள் வெட்டிவேரியா என்றுதான் இருந்தது. பாவட்டை இன்றும் பவெட்டா. மாங்காய் மாஞ்சிஃபெராவில் இருக்கிறது.

அதனால் தேன்கனி அக்கா கேட்பதை வைட் செய்திருக்கலாம். செய்யவில்லை. டெகாலெபிஸ் என்றால் கிரேக்கத்தில் பத்துச் செதில். ஊர்ப்பெயரைக் கேட்டு எழுத வேண்டும் என்ற எண்ணம் வான் ரீடுக்கு இருந்த அளவு இவருக்கு இல்லை.

உலர்தாள்:
நல்ல உதாரணங்கள். ஆனாலும் ஊர்ப்பெயர் மட்டும் போதுமா என்று யோசியுங்கள். கரிசலாங்கண்ணி என்று கேட்டால் கடையில் வெள்ளைப் பூவா மஞ்சள் பூவா என்பார்கள். அவை இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். பிரம்மி என்று ஒருவர் நீர்ப்பிரம்மியைச் சொல்வார், இன்னொருவர் வல்லாரையைச் சொல்வார். கீழாநெல்லி என்று சந்தையில் வரும் கட்டில் அதன் சாயலுள்ள வேறு செடிகளும் கலந்திருக்கும். மருந்தாகக் கொடுக்கும் செடியில் இந்தக் குழப்பம் சின்ன விஷயமில்லை.

குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் 99 பூக்களைச் சொல்கிறார். அதில் எத்தனை பூவுக்கு இன்று நம்மால் "இதுதான்" என்று கைநீட்ட முடிகிறது? மராமரம் என்றால் வெண்கடம்பா, ஆச்சாவா என்று உரைகாரர்களிடமே ஒத்த கருத்து இல்லை. தமிழன் பூவைப் பார்த்தான், பெயர் வைத்தான், பாடினான். உலர்ந்த இலை ஒன்று, கோட்டுப்படம் ஒன்று பிழைத்து வந்திருந்தால் இன்று இந்தச் சண்டை இருக்காது. வைட்டும் ரங்கையாவும் விட்டுச்சென்றது அந்த இலையும் அந்தப் படமும்தான். அதனால்தான் அவர் பெயரை எடுத்துவிடச் சொன்னதும் எனக்கு வலித்தது.

கரிசல்மண்:
குறிஞ்சிப்பாட்டு வாதம் கேட்க அழகாக இருக்கிறது. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பாட்டில் வரும் பூ எது என்று புலவர் வீட்டுத் திண்ணையில் சண்டை வந்தது. மலையில் இருந்தவருக்கு அந்தச் சண்டை எப்போதாவது வந்ததா? மாகாளிக்கொடி எது, நன்னாரிக்கொடி எது என்று இருளர் வீட்டுப் பிள்ளைக்குக் குழப்பமே கிடையாது. மணத்தில், கிழங்கின் பருமனில், வளரும் பாறை இடுக்கில் தெரிந்துவிடும். அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. காட்டை அரசாங்கச் சொத்தாக்கி அவர்களை வெளியே நிறுத்திய பிறகுதான் அது அறுந்தது. அறுத்தவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர் விட்டுச்சென்ற இலைக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

உலர்தாள்:
காட்டுச் சட்டங்களுக்கு வைட்டைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அவர் 1853லேயே போய்விட்டார். சென்னை மாகாணத்தில் வனத்துறை என்று ஒன்று கிளெக்கார்ன் தலைமையில் 1856ல்தான் வருகிறது.

கரிசல்மண்:
சரி, வனத்துறைக்கு அவர் பொறுப்பில்லை. அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பருத்திக்கு அவர்தான் பொறுப்பு, அதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பச்சைநாடா:
பருத்தி பற்றி நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். கம்பெனியின் ஆசைக்காக அவர் வேலை பார்த்தார் என்பது உண்மை. ஆனால் விதைப்பை வடகிழக்குப் பருவமழைக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அமெரிக்க நாட்காட்டியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்ததும் அங்கேதான். மழை எப்போது, மண் எது என்று பார்க்கும் பழக்கம் செடி சேர்த்து வந்தது. குடியானவர்களும் வீம்புக்காக மறுக்கவில்லை. சுத்தமான, நீளமான பஞ்சுக்கு வியாபாரி கூடுதலாகக் காசு கொடுக்கவில்லை என்றால் எதற்கு மெனக்கெட வேண்டும்? பிற்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தபோது அதே கோவை விவசாயிகள் எடுத்துக்கொண்டார்களே. கிணற்றுப் பாசனத்துக்கு ஒத்துவந்தது, விலையும் கிடைத்தது.

கரிசல்மண்:
கம்போடியா பருத்தி பற்றிச் சொன்னது சரி. எங்கள் தாத்தா அதைத்தான் போட்டார். 'வீம்பு இல்லை, கணக்கு' என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கம்பெனி ஆவணங்களில் எங்களைச் சோம்பேறி, பழமைவாதி என்றுதான் எழுதினார்கள். நான் கோபப்படுவது அதற்குத்தான்.

செவ்வந்தி_ஆசிரியை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பள்ளியில் அறிவியல் எடுப்பவள். பெயரை மாற்றக் கோருவது பற்றி ஒரு செய்தி. 2024ல் மாட்ரிட்டில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில், ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் காஃப்ரா என்ற அடைமொழியை அஃப்ரா என்று மாற்ற வாக்களித்தார்கள். 200க்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே நேரத்தில் மாறின. ஆக, பெயர்களைத் தொடவே முடியாது என்ற காலம் போய்விட்டது. ஹாமில்டோனியை இழிசொல் அல்ல, அதனால் அந்த வழியில் அது மாறாது. ஆனால் பிள்ளைகளிடம் "இது கல்வெட்டு, கேள்வி கேட்காதே" என்று சொல்ல வேண்டியதில்லை.

தேன்கனியின் மகன் எழுதிய அந்த வரியை வகுப்பிலேயே விவாதமாக வைத்தால் நன்றாக இருக்கும். 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை வைத்து ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம்.

தூரிகை:
உலர்தாள் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்தப் படங்களும் மாதிரிகளும் இப்போது எங்கே இருக்கின்றன? அசலைப் பார்க்கக் கடல் தாண்டித்தான் போக வேண்டுமா?

உலர்தாள்:
ரங்கையா, கோவிந்து வரைந்த அசல்கள் பெரும்பாலும் எடின்பரோ தாவரவியல் தோட்டத்திலும் கியூவிலும் இருக்கின்றன. வைட் தம் சொந்தத் தொகுப்பை இறப்பதற்கு முந்தின வருடம், 1871ல், கியூவுக்குக் கொடுத்தார். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் பழைய தாள்கள் உண்டு. ஐகோனெஸ் ஆறு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகப் புரட்டக் கிடைக்கின்றன. வகைமாதிரித் தாள்களையும், அதாவது பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த உலர் மாதிரிகளையும், நல்ல துல்லியத்தில் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எடின்பரோ தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டி இந்த இரண்டு ஓவியர்களையும் முன்னால் கொண்டுவந்தார். வைட்டைப் பற்றி 2007ல் எழுதியபோது ரங்கையா, கோவிந்து பெயர்களையும் தலைப்பிலேயே வைத்தார். இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். வைட் போன பிறகு கோவிந்து சும்மா இருக்கவில்லை. பெட்டோம் என்ற வனத்துறை அதிகாரிக்கு வரைந்திருக்கிறார், தென்னிந்தியப் பெரணிகள், காட்டு மரங்கள் எல்லாம்.

கரிசல்மண்:
கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, கவனித்தீர்களா? நம் மலைச் செடியின் மூல மாதிரி அங்கே. நம் ஓவியர் வரைந்த மூலப்படம் அங்கே. நம் பிள்ளைக்குத் திரையில் தெரியும் நகல். படமெடுத்துப் போட்டார்கள் என்று நன்றி சொல்லிவிட்டு நகர முடியவில்லை. திருப்பிக் கேட்க வேண்டும்.

உலர்தாள்:
மாதிரிகளைப் பொறுத்து என் கருத்து வேறு. வகைமாதிரி என்பது உலகத்தில் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் படிக்கல், அது கெடாமல் இருப்பதுதான் முக்கியம். இங்கே ஈரத்திலும் பூச்சியிலும் தாள்களைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஓவியங்களைப் பற்றிக் கேட்டால்... ரங்கையாவின் படங்களில் ஒரு பத்தாவது ஒரு தடவை சென்னைக்கு வந்து, நம் பிள்ளைகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். அதுவரை உங்களோடு வருகிறேன்.

பச்சைநாடா:
மாகாளிக்கு வருவோம். கிழங்கைத் தோண்டினால் கொடியே போய்விடும். ஊறுகாய்க்கும் நன்னாரிக்கு மாற்றாகவும் அளவில்லாமல் தோண்டியதில் டெகாலெபிஸ் ஹாமில்டோனியை இன்று அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எந்தக் கொடியைக் காக்க வேண்டும் என்று ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே பொருளில் எழுத அந்த லத்தீன் பெயர் தேவைப்படுகிறது. எங்கே போய்க் காக்க வேண்டும் என்பதற்குத் தோண்டுபவரிடம்தான் கேட்க வேண்டும். அக்கா, அட்டையில் இதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

தேன்கனி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகனை உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். ரங்கையா பகுதியில் நிறுத்தி, அந்தப் படங்களைக் காட்டச் சொன்னான். ஐகோனெஸைத் திறந்து இரண்டு மணி நேரம் புரட்டினோம். மூலையில் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

அட்டையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறான்:

"மாகாளிக்கிழங்கு. மலைமக்கள் நெடுங்காலமாக அறிந்து, தோண்டி, விற்றுவரும் கிழங்கு. 1834ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட்டும் அவருடைய நண்பர் ஆர்னாட்டும் இதை டெகாலெபிஸ் ஹாமில்டோனியை என்ற பெயரில் விவரித்தார்கள். வைட்டுக்காக மலையேறிச் செடி பறித்தவர்களின் பெயர்கள் எழுதி வைக்கப்படவில்லை. வைட்டின் நூல்களுக்குச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து. இந்தக் கொடி இப்போது அழியும் நிலையில் உள்ளது."

படமும் அவனே வரைகிறான். ரங்கையா மாதிரி பூவைப் பிளந்து கீழே தனியாகக் காட்ட வேண்டுமாம். பூ எங்கே கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை, வீட்டில் கிழங்கு மட்டும்தான் இருக்கிறது.

கரிசல்மண்:
'கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர்' என்று போட்டதற்கு நன்றி அம்மா. 'விவரித்தார்கள்' பற்றி எனக்கு இன்னும் முழு மனதில்லை, இருக்கட்டும். உங்கள் பையன் வகுப்பில் யாராவது பருத்தி எடுத்திருந்தால் சொல்லுங்கள். உப்பம், நாடம் பற்றி நான் எழுதித் தருகிறேன்.

உலர்தாள்:
அட்டை நன்றாக வந்திருக்கிறது. பூவுக்குக் கோடையில் மழை விழுந்த பிறகு, கிழங்கு கொண்டுவருபவரிடமே சொல்லி வையுங்கள். கொடியைத் தோண்டாமல் ஒரு கொத்து மட்டும் கிள்ளி வரச் சொல்லுங்கள். ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றிப் போட்டால் வாடாது. அவர் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் பையனை.